தொடையில் எரிந்த மின்கலம்: மின்சிகரெட் வெடிப்புகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள ஹார்பர்வியூ மருத்துவ மையத்தின் தீப்புண் சிகிச்சைப் பிரிவுக்கு, 2015 அக்டோபர் தொடங்கி 2016 ஜூன் வரையிலான ஒன்பது மாதங்களில், மின்சிகரெட் வெடித்துக் காயமடைந்த 15 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள், தாங்கள் கண்டதை 2016 அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு ஒரு சிறு கடிதமாக எழுதினார்கள். அதன்படி 80 சதவீதம் பேருக்கு நெருப்பால் ஏற்பட்ட புண், 33 சதவீதம் பேருக்கு மின்கலத்துக்குள்ளிருந்து கொட்டிய காரத்தன்மையுள்ள திரவத்தால் ஏற்பட்ட ரசாயனப் புண், 27 சதவீதம் பேருக்கு வெடிப்பின் விசையால் ஏற்பட்ட காயம். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் காயங்கள் இருந்தன. சிலர் பற்களை இழந்தார்கள். சிலருக்கு உடலின் வேறோர் இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. காயம் எங்கே என்று பார்த்தால், முகத்தில் 20 சதவீதம் பேருக்கு, கைகளில் 33 சதவீதம் பேருக்கு, தொடையிலோ கவட்டையிலோ 53 சதவீதம் பேருக்கு.

இந்தக் கடைசி எண்ணை வாசித்தபோது நான் சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். மின்கலத்தால் திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை வாயில் வைத்து இழுக்கும் ஒரு கருவி, பாதிக்கும் மேற்பட்டவர்களின் தொடையை ஏன் எரித்தது? இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்கிறது. மின்கலப் பொதிகளைப் பிரித்துச் சோதித்து மீண்டும் கட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில், இதற்கான விடை புகைப்பவரின் பழக்கத்தில் இருப்பதைவிட, அவர் கையில் கொடுக்கப்பட்ட மின்கலத்தின் அமைப்பில்தான் பெரிதும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நிகோட்டினின் தீமைகளையும் புகைப்பழக்கத்தைக் கைவிட மின்சிகரெட் உதவுமா என்ற விவாதத்தையும் இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு அறிக்கைகளுக்கு இடையில் நடந்தது

அமெரிக்க மத்திய அரசின் கீழ் இயங்கும் தீயணைப்பு நிர்வாகம், மின்சிகரெட் தீ விபத்துகளைப் பற்றி இரண்டு அறிக்கைகளை வெளியிட்டுள்ளது. 2014இல் வந்த முதல் அறிக்கை, 2009 முதல் 2014 ஆகஸ்ட் வரை செய்திகளில் பதிவான 25 நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவற்றில் 20 நிகழ்வுகள், அதாவது 80 சதவீதம், கருவி சார்ஜில் போடப்பட்டிருந்தபோது நடந்தவை. 2017 ஜூலையில் வந்த இரண்டாவது அறிக்கை 2009 முதல் 2016 இறுதி வரை பதிவான 195 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. அதில் கணக்கு தலைகீழாக மாறியிருந்தது: கருவியோ தனி மின்கலமோ உடுத்தியிருந்த ஆடையின் பைக்குள் இருந்தபோது 61, புகைத்துக்கொண்டிருந்தபோது 60, சார்ஜ் செய்துகொண்டிருந்தபோது 48, சும்மா வைக்கப்பட்டிருந்தபோது 18. எஞ்சியவற்றில் ஒன்று சரக்கு விமானத்தில் நடந்தது. ஏழில் சூழ்நிலை பதிவாகவில்லை. மொத்தம் 133 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம்.

இந்த எண்கள் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் வந்தவற்றிலிருந்து மட்டுமே திரட்டப்பட்டவை. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு பின்னர் செய்த மதிப்பீட்டில், 2015 முதல் 2017 வரையிலான மூன்று ஆண்டுகளில் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த மின்சிகரெட் வெடிப்பு, தீக்காய நேர்வுகள் ஏறத்தாழ 2,035 என்று கணக்கிடப்பட்டது. செய்தியாகாமல் போனவை எத்தனை மடங்கு என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் எனக்கு மொத்த எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுவது, ஆபத்து சார்ஜரிலிருந்து ஆடையின் பைக்கு இடம்பெயர்ந்த விதம்தான். சில ஆண்டுகளுக்குள் மனிதர்கள் மாறிவிடுவதில்லை. மாறியது கருவி.

2003இல் சீனாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கிய வடிவத்தைத் தொடர்ந்து வந்த தொடக்கக் கால மின்சிகரெட்டுகள், உண்மையான சிகரெட்டைப் போலவே மெலிந்தவை. அவற்றின் மின்கலம் சிறியது, உள்ளேயே மூடப்பட்டது. பயனர் அதைக் கண்ணால்கூடப் பார்க்க வாய்ப்பில்லை. அதற்குப் பிறகு பேனா வடிவக் கருவிகள் வந்தன. அவற்றின் மின்கலப் பகுதியைத் திருகிக் கழற்றி, யுஎஸ்பி துளையுள்ள ஒரு சிறு சார்ஜரில் திருகிச் சார்ஜ் செய்ய வேண்டும். லித்தியம் அயனி மின்கலம் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. யுஎஸ்பி துளை தருவதோ 5 வோல்ட். இடையிலுள்ள சுற்று அதைக் குறைத்து, நிறைந்ததும் நிறுத்த வேண்டும். கையில் கிடைத்த வேறொரு சார்ஜரிலோ அடாப்டரிலோ செருகியவர்களின் மின்கலம் அளவுக்கு மீறி நிரம்பியது. முதல் அறிக்கையில் சார்ஜிங் விபத்துகள் 80 சதவீதமாக இருந்ததற்கு இதுவே விளக்கம் என்று நான் கருதுகிறேன்.

அதற்குப் பிறகு அதிக ஆவியை விரும்பியவர்களுக்காக ‘மாட்’ எனப்படும் பெட்டி வடிவக் கருவிகளும் தடித்த குழாய்களும் சந்தையை நிறைத்தன. அவற்றுக்கு வேண்டிய மின்திறன் பேனாவைப் போலப் பல மடங்கு. ஆகவே டார்ச்சில் பேட்டரி மாற்றுவதுபோல, 18650 வகை மின்கலத்தை எடுத்து மாற்றும்படி அவற்றை அமைத்தார்கள். கருவியை வாங்கிய எவரும் கூடவே இரண்டு மூன்று உபரி மின்கலங்களை வாங்கினார்கள். ஒன்று தீர்ந்தால் மாற்ற வேண்டுமே! அந்த உபரி மின்கலத்தை எங்கே வைப்பது? சாவியும் சில்லறையும் எங்கே இருக்குமோ அங்கேதான் வைத்தார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால்

18650 என்பதில் 18 என்பது மில்லிமீட்டர் கணக்கில் விட்டம். 65 என்பது நீளம். பழைய மடிக்கணினியின் மின்கலப் பொதியை உடைத்தால் ஆறோ எட்டோ இந்த உருளைகள் வரிசையாகக் கிடைக்கும். ஒன்றின் எடை சுமார் 45 கிராம். கையில் எடுத்ததும் நாம் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய டார்ச் பேட்டரியின் தம்பிபோலத்தான் தோன்றும். அந்தத் தோற்றப் பழக்கமே இந்தக் கதையின் பாதித் துயரத்துக்குக் காரணம்.

இப்போது அதன் தலைப்பகுதியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்போம். நடுவில் சிறு தட்டுபோல இருப்பது நேர்முனை. அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். தாளாலோ மெல்லிய நாராலோ ஆனது. அந்த வளையத்தின் விளிம்பில், மின்கலத்தைப் போர்த்தியிருக்கும் வண்ண பிளாஸ்டிக் உறை மடிந்து வந்து நிற்கும். பலரும் அந்த உறையை அலங்காரம் என்றும், நிறுவனப் பெயரை அச்சிடுவதற்கான தாள் என்றும் நினைக்கிறார்கள். விரல் நகத்தால் கீறினாலே கிழியக்கூடிய அந்தப் படலம்தான் இங்கே பாதுகாப்பின் பெரும்பகுதி. ஏனென்றால் அதற்கு அடியில் உள்ள எஃகு உருளை முழுவதும் எதிர்முனை. அடிப்பகுதி மட்டும்தான் எதிர்முனை என்று நம்புவது தவறு. பக்கவாட்டுச் சுவரும், தலைப்பகுதியில் மடிந்து வரும் தோள்பட்டையும்கூட எதிர்முனைதான். நேர்முனைத் தட்டுக்கும் அந்தத் தோள்பட்டைக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை வளையமும், தலைமுடியைவிட அதிகத் தடிமன் இல்லாத ஒரு பிளாஸ்டிக் மடிப்பும் மட்டுமே. உறையின் விளிம்பு கிழிந்த மின்கலத்தின் தலையில் ஒரு நாணயம் சாய்ந்து நின்றாலே இரண்டு முனைகளும் இணைந்துவிடும். உறை கிழியாத மின்கலமாக இருந்தாலும், சாவிக்கொத்தின் சங்கிலி ஒன்று தலையையும் அடியையும் ஒருசேரத் தொட்டால் அதே விளைவுதான்.

நம் செய்தித்தாள்கள் எல்லா மின் தீ விபத்துகளையும் ‘மின்கசிவு’ என்று எழுதிப் பழகிவிட்டன. இங்கே எதுவும் கசியவில்லை. மின்னோட்டத்துக்குத் தடையே இல்லாத ஒரு குறுக்குவழி கிடைத்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட் என்று எல்லோரும் வாயால் சொல்வதே இதற்குப் பொருத்தமான பெயர்.

அந்தக் குறுக்குவழியில் என்ன நடக்கும் என்பதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுதும் சார்ஜ் ஆன மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட். அதிக மின்னோட்டம் தரும் வகை மின்கலத்தின் உள்தடை சுமார் 20 மில்லி ஓம். சாவிக்கொத்தும் அதன் தொடுபுள்ளிகளும் சேர்ந்து இன்னொரு 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 100 ஆம்பியருக்கு மேல் பாயும். வெளிப்படும் மொத்தத் திறன் ஏறக்குறைய 440 வாட்; ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதி. அதில் சரிபாதி சாவிக்கொத்தைச் சுட, மறுபாதி மின்கலத்தின் வயிற்றுக்குள்ளேயே வெப்பமாகும். 45 கிராம் எடையுள்ள பொருளுக்கு அந்த வெப்பம் கிடைத்தால், நொடிக்கு ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேறும். இருபது நொடிகளில் நூறு டிகிரி கூடிவிடும். தொடையில் ஏதோ சுடுகிறதே என்று உணர்ந்து, கையைப் பையில் விட்டு, சூட்டில் கையை இழுத்துக்கொண்டு, பேன்ட்டைக் கழற்ற முயல்வதற்கு ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். ஹார்பர்வியூவுக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கையிலும் காயம் இருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்கும்போது அந்த நொடிகள் கண்முன் வருகின்றன.

அதன் பிறகு நடப்பது மின்சாரத்தின் கையிலிருந்து வேதியியலின் கைக்குப் போய்விடுகிறது. மின்கலத்துக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டும் தொடாமல் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. இடைவெளிகளில் எளிதில் தீப்பிடிக்கும் கரிமத் திரவம் ஊறியிருக்கும். வெப்பம் நூறு டிகிரியை நெருங்கும்போதே எதிர்முனைக் கரித் தகட்டின் மேலுள்ள காப்புப் படிவு சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே புதிய வெப்பத்தைத் தருகிறது. 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் படலம் உருகுகிறது. தகடுகள் உள்ளுக்குள்ளேயே தொட்டுக்கொள்கின்றன. 200 டிகிரியைத் தாண்டினால் நேர்முனையிலுள்ள உலோக ஆக்சைடு ஆக்சிஜனையும் வெளிவிடும். தீக்கு வேண்டிய எரிபொருளும் ஆக்சிஜனும் வெப்பமும் ஒரே உருளைக்குள் கூடிவிட்டதால், இனிச் சாவிக்கொத்தை எடுத்தெறிந்தாலும் அது நிற்காது. பொறியாளர்கள் இதைத் ‘தெர்மல் ரன்அவே’ என்கிறார்கள். கட்டுமீறிய வெப்பப் பெருக்கம் என்று சொல்லலாம்.

2,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு மின்கலத்தில் சேமித்த மின்னாற்றல் சுமார் 9 வாட் மணி. அறை வெப்பநிலையில் உள்ள 100 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். திரவமும் படலமும் எரிவதால் வரும் வெப்பம் தனி. இவ்வளவும் ஒரு பருத்தித் துணிக்கு அந்தப்புறம், தோலை ஒட்டி நடக்கிறது.

புகைக்கும்போது நடந்தவை

2018 மே மாதம் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர் தம் வீட்டில், மாட் வகைக் கருவி வெடித்து அதன் துண்டுகள் தலைக்குள் பாய்ந்ததில் இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பகுதியில் ஓர் இளைஞர், கருவியின் துண்டு கழுத்திலுள்ள ரத்தக்குழாயைக் கிழித்ததால் இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூனில், தாடை எலும்பு நொறுங்கிப் பற்களை இழந்த ஒரு 17 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள்.

கைபேசியின் மின்கலம் பழுதானால் பெரும்பாலும் ஊதிப்போகும், அல்லது புகைந்து எரியும். குழாய் வடிவக் கருவி மட்டும் ஏன் தோட்டாவைப் போலப் பாய்கிறது? 18650 மின்கலத்தின் பக்கச்சுவர் உறுதியானது. அழுத்தம் கூடினால் வாயுவை வெளியேற்றும் திறப்பு தலைப்பகுதியில் இருக்கிறது. அந்த மின்கலத்தை ஓர் உலோகக் குழாய்க்குள் அடைத்து இரு பக்கமும் திருகி மூடிவிட்டால், வெளியேறிய வாயுவுக்குப் போக வழியில்லை. கடைசியில் குழாயின் முனையே பிய்த்துக்கொண்டு போகும். ராக்கெட் பறப்பதும் இதே விதிப்படிதான். வாயு வெளியேற நல்ல துளைகள் இல்லாத குழாயை வாயருகே வைத்திருப்பவரின் முகமே அந்த ராக்கெட்டின் பாதையில் இருக்கிறது.

இந்த இடத்தில், ‘மெக்கானிக்கல் மாட்’ எனப்படும் கருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் மின்னணுச் சுற்று எதுவுமே கிடையாது. ஒரு குழாய், ஒரு மின்கலம், ஒரு பொத்தான், மேலே சூடேறும் கம்பிச் சுருள். பொத்தானை அழுத்தினால் மின்கலம் நேராகச் சுருளோடு இணையும். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தடுக்கவோ, மின்கலம் தலைகீழாகப் போடப்பட்டதைக் கண்டுபிடிக்கவோ அதில் ஏதும் இல்லை. எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைப் பள்ளியில் படித்த ஓம் விதிதான் தீர்மானிக்கிறது. சுருளின் தடை 0.5 ஓம் என்றால் 4.2 வோல்ட்டில் 8.4 ஆம்பியர். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தரக்கூடிய ஒரு நல்ல மின்கலத்துக்கு முதல் கணக்கு எளிது, இரண்டாவது வரம்பை மீறியது, மூன்றாவது தற்கொலைக்குச் சமம். சுருளைத் தாமே சுற்றிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கருவிகளோடு சேர்ந்தே பரவியது. கம்பியை ஒரு சுற்று குறைவாகச் சுற்றினால் தடை எவ்வளவு இறங்கும் என்பதை அளக்க மீட்டர் இல்லாமலே பலர் சுற்றினார்கள்.

இன்னொரு நுட்பமான பொறி, ‘ஹைப்ரிட்’ மூடி உள்ள கருவிகளில் இருக்கிறது. அவற்றில், சுருள் இருக்கும் மேல்பாகத்தின் நடு ஊசி, இடையில் எந்தத் தகடும் இல்லாமல், மின்கலத்தின் நேர்முனையை நேராகத் தொடும். அந்த ஊசியைச் சுற்றியுள்ள திருகுமரை எதிர்முனையோடு இணைந்தது. ஊசி மரையைவிடத் தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். ஊசி உள்ளடங்கிய ஒரு மேல்பாகத்தை அதில் பொருத்தினால், மரையின் விளிம்பே நேர்முனையில் அமர்ந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் குழாய்க்குள்ளேயே முழு ஷார்ட் சர்க்யூட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மேல்பாகங்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மரையின் அளவும் ஒன்றுதான். கடையில் புதிதாக வாங்கிப் போகும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் காட்டித்தராவிட்டால் வேறு யார் காட்டுவது?

பொறுப்பு யாருடையது

விபத்து நடந்தவுடன், பயன்படுத்தியவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. சாவியோடு மின்கலத்தைப் போட்டது தவறுதான். ஆனால் அது தவறு என்பதை அவர் எங்கிருந்து அறிந்திருக்க முடியும்? ஏஏ வகைப் பேட்டரிகளை நாம் எல்லோரும் இழுப்பறையிலும் பையிலும் சில்லறையோடு போட்டே வளர்ந்தோம். தனி 18650 மின்கலம் கடைச் சரக்காகப் பிறந்ததே இல்லை. அது ஒரு தொழிற்சாலை உதிரிப்பாகம். பாதுகாப்புச் சுற்றுப் பலகையோடு இணைத்து, உறுதியான பெட்டிக்குள் அடைத்து, மடிக்கணினியாகவோ துளையிடும் கருவியாகவோ மட்டுமே மக்கள் கைக்குப் போக வேண்டும் என்பதே அதைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களின் நிலைப்பாடு. அந்த உதிரிப்பாகத்தை இடைத்தரகர்கள் மொத்தமாக வாங்கி, சில சமயம் மேலே தங்கள் பெயரிட்ட புதிய உறையைப் போர்த்தி, ஒற்றை ஒற்றையாக விற்றார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தனித்தனியாக விற்கப்படும் 18650 மின்கலங்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று நுகர்வோரை எச்சரித்தது 2021 ஜனவரியில். ஹார்பர்வியூ மருத்துவர்களின் கடிதம் வெளிவந்து அதற்குள் நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தத் தாமதத்தை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறு உறையிடுவதில் வேறொரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. உறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 மின்கலங்கள் இன்றும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. இந்த அளவுள்ள உருளைக்குள் அவ்வளவு கொள்ளளவை அடைக்க யாராலும் முடியாது. பெயர்பெற்ற நிறுவனங்கள் நெடுங்காலம் எட்டிய உச்சம் 3,600ஐ ஒட்டியதே. கொள்ளளவில் பொய் சொல்லும் உறை, மின்னோட்ட வரம்பில் மட்டும் உண்மை சொல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதோடு, கொள்ளளவும் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தே வளர்பவை: சாம்சங்கின் 25ஆர் 2,500 கொள்ளளவில் 20 ஆம்பியர் தரும், சோனியின் விடிசி6 கொள்ளளவில் 3,000ஐ எட்டினாலும் தொடர் வரம்பு 15 ஆம்பியர்தான். ‘40 ஆம்பியர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால், அது ஓரிரு நொடித் துடிப்புக்கான எண்ணாகவே இருக்கும்.

தொடங்குபவருக்கு

இந்தியாவில் 2019 செப்டம்பர் 18 அன்று வந்த அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் அதன் இடத்தைப் பிடித்த சட்டமும் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், இருப்பு, விளம்பரம் ஆகிய எல்லாவற்றையும் தடை செய்கின்றன. விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே இங்கே ‘தொடங்குபவர்’ என்பது, சட்டம் அனுமதிக்கும் லண்டனிலோ டொராண்டோவிலோ வாழ்ந்து, சிகரெட்டை விடும் எண்ணத்தில் இந்தக் கருவிக்கு மாறும் வயதுவந்த ஒருவரையே குறிக்கும். புகைக்காதவர் இதைத் தொடங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் மின்கலம் பற்றிய செய்தி சென்னையிலும் மதுரையிலும் இருப்பவருக்கும் பொருந்தும். பல எல்இடி டார்ச்சுகளிலும் பவர் பேங்குகளிலும் இருப்பது இதே உருளைதான்.

முதல் கருவியாக, மின்கலம் உள்ளேயே மூடப்பட்ட, மின்னணுக் கட்டுப்பாடு உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பகுதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அத்தகைய கருவி சுருளின் தடையைத் தானே அளக்கும்; ஷார்ட் இருந்தால் இயங்க மறுக்கும்; பத்து நொடி தொடர்ந்து அழுத்தினால் நின்றுவிடும். பொத்தானை ஐந்து முறை விரைந்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வசதி பலவற்றில் உண்டு. பையில் போடுவதற்கு முன் அந்த ஐந்து அழுத்தங்கள் கைப்பழக்கமாகிவிட வேண்டும். யுஎல் 8139 என்பது இந்தக் கருவிகளின் மின் அமைப்புக்கென்றே வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரம். அந்தக் குறியுள்ள கருவி கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. மெக்கானிக்கல் மாட் தொடங்குபவருக்கான பொருளே இல்லை என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

மாற்றும் மின்கலம் உள்ள கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர், இன்றே செய்ய வேண்டியது மின்கலத்துக்கென விற்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்குவது. ஒரு தேநீரின் விலையைப் போல ஓரிரு மடங்கு ஆகலாம். ஹார்பர்வியூவின் 53 சதவீதத்துக்கு எதிராக நிற்பது அந்தப் பெட்டிதான். வாரம் ஒருமுறை மின்கலத்தை வெளிச்சத்தில் சுழற்றி உறையைப் பார்க்க வேண்டும். விளிம்பில் சிறு கிழிசல் இருந்தாலும் வெப்பத்தில் சுருங்கும் புதிய உறையைப் போர்த்தும்வரை அதைத் தொடக் கூடாது. உலோகத்தில் பள்ளம் விழுந்ததும், தண்ணீரில் விழுந்ததும், சார்ஜின்போது வழக்கத்தைவிடச் சுடுவதும் திரும்பப் பயன்பாட்டுக்கு வரவே கூடாதவை. இரண்டு மின்கலம் போடும் கருவியில், ஒன்றாக வாங்கிய இரண்டையும் ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே கழிக்க வேண்டும். வயதான ஒன்றோடு புதியதைச் சேர்த்தால், வலுவிழந்தது அளவுக்கு மீறி வடிந்துபோகும். சார்ஜ் செய்வதற்குக் கருவியோடு வந்த சார்ஜரோ, ஒவ்வொரு மின்கலத்தையும் தனியாகக் கண்காணிக்கும் தனிச் சார்ஜரோ வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும், கைபேசிச் சார்ஜரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. தலையணைக்கு அடியிலும் மெத்தையின் மேலும் சார்ஜ் போடும் வழக்கம் நம் வீடுகளில் கைபேசிக்கே உண்டு. அதை இங்கே தொடரவே கூடாது.

விமானத்தில் செல்பவர்கள் கருவியைச் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 2014 ஆகஸ்டில் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில், பயணி ஒருவரின் பெட்டிக்குள் இருந்த மின்சிகரெட் சரக்கு அறையில் தீப்பிடித்து, விமானத்தில் இருந்தவர்களை இறக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் மாறின. பயணிகள் அறையில் தீப்பிடித்தால் யாராவது பார்த்து அணைக்க முடியும் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம்.

மின்கலம் பையில் வெடித்துப் புண்ணானவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, வெடித்தது லித்தியம் மின்கலம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரணத் தீப்புண் போலிருந்தாலும் தோலில் காரத்திரவம் படிந்திருக்கலாம். அதை அறிந்த மருத்துவர் புண்ணின் காரத்தன்மையை ஒரு சோதனைத் தாளால் பார்த்துவிட்டே கழுவும் முறையை முடிவு செய்வார்.

இரண்டாவது இடப்பெயர்வு

இப்போது பல நாடுகளில் மின்கலத்தை எடுத்து மாற்றும் மாட் கருவிகளின் இடத்தை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வண்ணக் குழல்கள் பிடித்துக்கொண்டன. அவற்றில் மின்கலம் உள்ளே மூடப்பட்டிருப்பதால் சாவிக்கொத்துக்கு வேலையில்லை. ஆனால் உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம்தான். அது இப்போது குப்பைக்குப் போகிறது. பிரிட்டனில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் குழல்கள் வீசப்படுவதாக மெட்டீரியல் ஃபோகஸ் என்ற அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. அங்கே குப்பை லாரிகள் கழிவை இயந்திரத்தால் அழுத்தி நசுக்குகின்றன. நசுங்கிய மின்கலத்தில் அந்தப் பிளாஸ்டிக் படலம் கிழிந்து தகடுகள் தொட்டுக்கொள்கின்றன. சுற்றிலும் காய்ந்த அட்டையும் காகிதமும். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் இந்த ஒருமுறைக் குழல்களின் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது.

தீர்ந்துபோன மின்கலத்திலும் மிச்சம் மின்னாற்றல் இருக்கும் என்பதால், அதன் இரு முனைகளிலும் மின்தடை நாடாவை ஒட்டி, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுக்க வேண்டும். என் மேசையின் ஓரத்தில் ஒரு பழைய கண்ணாடிப் புட்டி இருக்கிறது. பிரித்த பொதிகளில் செத்துப்போன மின்கலங்கள் தலையிலும் அடியிலும் கறுப்பு நாடா ஒட்டி அதற்குள் காத்திருக்கின்றன. புட்டி நிறைந்ததும் எடுத்துப்போய்க் கொடுத்துவிடுகிறேன்.